செஸ் எஞ்சினில் அறிவுக்கும் வேகத்துக்கும் விலை போட்டுப் பார்ப்பது எப்படி

எஞ்சின் ஆட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காய்களை விதிப்படி நகர்த்துகிறது, ஆல்ஃபா-பீட்டா தேடல் (முடிவை மாற்ற முடியாத கிளைகளைப் பார்க்காமல் விட்டுவிடும் தேடல்) ஓடுகிறது, காய்களின் மதிப்பும் எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் எவ்வளவு என்ற அட்டவணையும் சேர்ந்து ஒரு சுமாரான மதிப்பீடு இருக்கிறது. அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: ராஜாவின் பாதுகாப்பைச் சேர்ப்போம், காய்கள் எவ்வளவு தாராளமாக நடமாட முடிகிறது என்று எண்ணுவோம், சிப்பாய் அமைப்பைப் பார்ப்போம். சேர்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், நொடிக்கு 10 லட்சம் நோட் (தேடல் மரத்தில் வரும் நிலைகள்) பார்த்துக்கொண்டிருந்த எஞ்சின் 7 லட்சத்தில் வந்து நிற்கிறது. கூட வந்த அறிவு போன வேகத்துக்கு ஈடாகுமா?

பொதுவான பதில் இதற்குக் கிடையாது, தேடவும் வேண்டாம். ஆனால் உங்கள் எஞ்சினில், இன்றைய நிலையில், இந்த ஒரு மதிப்பீட்டு வரிக்கு என்ன விலை, அது என்ன சம்பாதிக்கிறது என்று அளந்துவிட முடியும். இரண்டையும் தனித்தனியாக அளக்கத் தெரிந்துவிட்டால் பாதி வாதங்கள் தானாகவே முடிந்துவிடும்.

இரண்டு கட்சியும் ஏன் ஜெயித்தது

கிளாட் ஷானன் 1950-ல் வெளியான கட்டுரையிலேயே இரண்டு வழிகளைப் பிரித்துவிட்டார். எல்லா நகர்வுகளையும் ஒரு குறிப்பிட்ட ஆழம்வரை பார்ப்பது ஏ வகை. நல்லதாகத் தெரிகிற சில நகர்வுகளை மட்டும் பொறுக்கி ஆழமாகப் போவது பி வகை. ஆரம்பகால நிரல்கள் பலவும் பி வகையைத்தான் நம்பின, ஏனென்றால் மனிதர்கள் அப்படித்தான் ஆடுகிறோம் என்று எல்லோருக்கும் தோன்றியது. 1973-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்லேட்டும் லாரி ஆட்கினும் செஸ் 4.0-ஐ எழுதும்போது பொறுக்குவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பார்க்கும் வழிக்குப் போனார்கள், நன்றாகவே ஜெயித்தார்கள். 1980-ல் கென் தாம்சனும் ஜோ காண்டனும் செய்த பெல் என்ற இயந்திரம், செஸ்ஸுக்கென்றே கட்டிய மின்சுற்றுகளோடு நொடிக்குச் சுமார் 1.6 லட்சம் நிலைகளைப் பார்த்து உலகக் கணினி செஸ் பட்டத்தை எடுத்தது. அப்புறம் 1997-ல் காஸ்பரோவை 3.5–2.5 என்று தோற்கடித்த டீப் புளூ, நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகள்.

வேகம்தான் எல்லாம் என்பவர்கள் இந்த வரிசையைத்தான் காட்டுவார்கள். ஆனால் டீப் புளூவின் சிப்பை உற்றுப் பார்த்தால் கதை வேறு. அதன் மதிப்பீட்டில் சுமார் 8000 அம்சங்கள் இருந்தன. அவற்றை மின்சுற்றாகவே பொறித்துவிட்டதால், மென்பொருளில் கொடுத்திருக்க வேண்டிய விலையின் பெரும்பகுதியைக் கொடுக்காமலேயே அந்த அறிவு கிடைத்தது. அதற்கு மேலும், ஒரே கடிகாரத் துடிப்பில் முடியும் வேக மதிப்பீடு ஒன்று, பலகையை நெடுவரிசை நெடுவரிசையாகப் பார்க்கும் மெதுவான மதிப்பீடு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

மறுபக்கம், நியூரல் வலையால் நிலைகளை மதிப்பிடும் ஆல்ஃபாஜீரோவின் ஆய்வு 2017 டிசம்பரில் வெளியானது, அதில் அது நொடிக்குச் சுமார் 80 ஆயிரம் நிலைகள் பார்த்தது, எதிரே ஆடிய ஸ்டாக்ஃபிஷ் 8 சுமார் 7 கோடி. 100 ஆட்டங்களில் ஆல்ஃபாஜீரோவுக்கு 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. அறிவுதான் எல்லாம் என்பவர்கள் இதைக் காட்டுவார்கள். பிறகு 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் 12 ஒரு சின்ன நியூரல் வலையை, சாதாரண சிபியூவிலேயே வேகமாக ஓடும்படி உள்ளே எடுத்துக்கொண்டது, வேகத்தைக் கணிசமாக இழந்தது, பலத்தில் ஒரு பெரிய தாவு தாவியது. இந்த வரலாற்றில் நான் பார்ப்பது இதுதான்: ஜெயித்தவர்கள் எல்லோரும் அறிவை மலிவாக வாங்க ஒரு வழி கண்டுபிடித்தவர்கள். நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

முதலில் வேகத்தின் மாற்று விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

வேகம் 10 சதவீதம் குறைந்தால் எத்தனை ஈலோ (ஆட்டபலத்தை அளக்கும் புள்ளி) போகும்? இதை ஊகிக்க வேண்டாம். எஞ்சினை அதனோடேயே மோத விடுங்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். ஒரு பக்கம் ஆட்டத்துக்கு 10 நொடியும் நகர்வுக்கு 0.1 நொடி கூடுதலும், மறுபக்கம் 20 நொடியும் 0.2 நொடியும். சில ஆயிரம் ஆட்டங்கள் ஓடினால் ஒரு எண் கிடைக்கும். அதுதான் உங்கள் எஞ்சினில் வேகத்தை இரட்டிப்பாக்குவதன் மதிப்பு.

அந்த எண் 70 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மீதியெல்லாம் மடக்கைக் கணக்குதான்: வேகம் 10 சதவீதம் குறைந்தால் இழப்பு சுமார் 10.6 ஈலோ, 5 சதவீதத்துக்கு 5.2, 20 சதவீதத்துக்கு 22.5. மேலே சொன்ன 10 லட்சத்தில் இருந்து 7 லட்சம் என்ற சரிவு சுமார் 36 ஈலோ. இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. புதிதாகச் சேர்த்ததெல்லாம் சேர்ந்து 36 ஈலோவுக்கு மேல் சம்பாதிக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

இந்த எண் நிலையானதல்ல என்பதை மறக்கக் கூடாது. நேரம் கூடக் கூட, எஞ்சின் ஆழமாகப் போகப் போக, இரட்டிப்பின் மதிப்பு குறைந்துகொண்டே வரும். டிராக்கள் கூடுவதும் இதற்கு ஒரு காரணம். அதனால் 10 நொடி ஆட்டத்தில் நட்டமாகத் தெரிகிற அறிவு 60 நொடி ஆட்டத்தில் லாபமாக மாறுவது சகஜம். எஞ்சின் எந்த நேரக் கட்டுப்பாட்டில் ஆடப் போகிறதோ அதற்கு அருகில் ஒருமுறையாவது அளந்துவிடுங்கள்.

வேகத்தை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மதிப்பீட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் தேடல் மரமே மாறிவிடும், ஆகவே குறிப்பிட்ட ஆழத்தை எட்ட ஆன நேரத்தை முன்னும் பின்னும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நல்ல வழி, புதிய அம்சத்தை முழுதாகக் கணக்கிட வைத்துவிட்டு அதன் எடையை மட்டும் பூஜ்யமாக வைப்பது. மரம் அச்சு மாறாமல் அப்படியே இருக்கும், நோட் எண்ணிக்கை ஒன்றுகூட மாறாது, நேரத்தில் வரும் வித்தியாசம் முழுக்க அந்தக் கணக்கின் செலவு. எடையை நிரலில் மாறிலியாக எழுதிவிட்டால் கம்பைலர் அந்தக் கணக்கையே தூக்கி எறிந்துவிடும், அதனால் ஓடும்போது வெளியிலிருந்து படிக்கும் மதிப்பாக வையுங்கள். இரண்டு பதிப்புகளையும் மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுங்கள், ஏனென்றால் சிபியூ சூடாகிக் கடிகாரம் குறைந்தாலே 3 சதவீதம் எங்கிருந்தோ முளைத்துவிடும்.

தேடலுக்கே தெரியும் விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்

குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் ராணியையும் தாக்கும் ஃபோர்க்கை மதிப்பீட்டில் கண்டுபிடிக்க ஆசை வரும். தேவையில்லை. அடுத்த சில அரை நகர்வுகளில் (ஒரு பக்கம் மட்டும் செய்யும் ஒரு நகர்வு ஓர் அரை நகர்வு) தேடல் அதைத் தானே பார்த்துவிடும், வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்க்கும் அமைதித் தேடல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எட்டு அரை நகர்வுக்குள் முடிந்துவிடுகிற எதையும் பொதுவாக மதிப்பீட்டில் எழுதாதீர்கள் என்பது என் கருத்து.

இன்னும் ஒரு படி மேலே போய், தேடல் தானாகவே அறிவை உண்டாக்குகிறது. டான் பீலும் மார்ட்டின் ஸ்மித்தும் 1994-ல் ஒரு சோதனை செய்தார்கள்: மதிப்பீடு என்று எதுவுமே இல்லாமல் ஒவ்வொரு இலையிலும், அதாவது தேடல் வந்து நிற்கும் கடைசி நிலையிலும், வெறும் சீரற்ற எண்ணைக் கொடுத்துத் தேடவிட்டார்கள். ஆழம் கூடக் கூட அந்த நிரல் இன்னும் நன்றாக ஆடியது! காரணம் எளிது. எந்தப் பக்கத்துக்கு நகர்வுகள் அதிகமோ அந்தப் பக்கத்துக்குச் சீரற்ற எண்களில் பெரியதைப் பொறுக்கும் வாய்ப்பும் அதிகம், ஆகவே நடமாட்டம் என்ற அறிவு தேடலின் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

அப்படியானால் எதைச் சொல்லிக் கொடுப்பது? எந்த ஆழமும் எட்டாத விஷயங்களை. வெள்ளையிடம் ஒரு பிஷப்பும் ஓரத்துச் சிப்பாயும், அந்தச் சிப்பாய் ராணியாகும் கட்டத்தின் நிறம் பிஷப்பின் நிறமல்ல, கறுப்பு ராஜா அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டது: ஆட்டம் டிரா. பொருள் கணக்கு மட்டும் தெரிந்த எஞ்சின் இங்கே பெரிய வெற்றி என்று காட்டும், 30 அரை நகர்வு பார்த்தாலும் அதையேதான் காட்டும், ஏனென்றால் அது எதையும் இழக்கவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை. அது மட்டுமா, வேறு நல்ல வழி இருக்கும்போதே இந்த நிலைக்குள் ஆசையோடு நுழையும். எதிர்நிற பிஷப் முடிவாட்டங்களும், இரண்டு பக்கச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு அடைத்துவிட்ட நிலைகளும் இதே ரகம். பாஸ்டு பான், அதாவது எந்த எதிரிச் சிப்பாயும் வழிமறிக்க முடியாத சிப்பாய், 20 நகர்வு கழித்து ஆட்டத்தைத் தீர்மானிக்கும். பலவீனமான ராஜாவும் அப்படியே: தாக்குதல் முற்றுவதற்குள் தேடலின் எல்லை வந்துவிடுகிறது.

மாட்டிக்கொண்ட காய்களும் இந்தப் பட்டியலில் வரும். 1972 உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் பிஷர் எச்2 சிப்பாயைப் பிஷப்பால் வெட்டினார், ஸ்பாஸ்கி ஜி3 என்று வழியை அடைத்தார், பிஷப் உள்ளே மாட்டியது. ஆழம் குறைவான எஞ்சினுக்குச் சும்மா கிடைத்த சிப்பாயாகத்தான் தெரியும். இதைப் பிடிக்க இரண்டு பிட்போர்டு (64 கட்டங்களையும் 64 பிட்களில் காட்டும் எண்) சோதனைகள் போதும், செலவு கிட்டத்தட்ட இல்லை. இன்றைய பெரிய எஞ்சின்களின் ஆழத்தில் தேடலே இதைப் பார்த்துவிடும், ஆகவே உங்கள் எஞ்சின் ஆழமாகும்போது இப்படிப்பட்ட வரிகளின் பயன் தேய்ந்துபோகும்.

மலிவாக்கும் வேலை

இந்த இடத்தில்தான் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி போக வேண்டும். ஒரு மதிப்பீட்டு அம்சத்தின் விலையைத் தீர்மானிப்பது அது எவ்வளவு சிக்கலானது என்பதைவிட, அது எங்கே, எத்தனை தடவை கணக்கிடப்படுகிறது என்பதுதான்.

கட்ட அட்டவணை மதிப்பையும் பொருள் கணக்கையும் இலையில் உட்கார்ந்து 64 கட்டத்தையும் சுற்றிக் கூட்டக் கூடாது. நகர்வைச் செய்யும்போதே பழைய கட்டத்தின் மதிப்பைக் கழித்துப் புதியதைக் கூட்டிவிடுங்கள். தொடக்க ஆட்டத்துக்கு ஒரு மதிப்பு, முடிவாட்டத்துக்கு ஒரு மதிப்பு என்று இரண்டையும் வைத்துக்கொண்டு மீதமுள்ள காய்களைப் பொறுத்துக் கலப்பதுதான் இன்று வழக்கம். இரண்டு 16 பிட் எண்களையும் ஒரே 32 பிட் எண்ணில் அடைத்துவிட்டால் ஒரே கூட்டலில் இரண்டும் முடியும். இந்தக் கலப்பு முறையைப் பரவலாக்கியதில் 2005-ல் மூலநிரலோடு வெளியான ஃப்ரூட் 2.1-க்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மதிப்பீடு ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது, ஆனால் அதில் இருந்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. ஃபேபியன் லெடூஸியின் அந்த நிரலை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

சிப்பாய் அமைப்புக்குத் தனி ஹாஷ் டேபிள் (கணக்கிட்ட விடைகளைச் சாவியோடு சேமித்து வைக்கும் அட்டவணை) கட்டாயம். தேடல் மரத்தில் பெரும்பாலான நகர்வுகள் சிப்பாயைத் தொடுவதே இல்லை, அதனால் சிப்பாய்களின் இடத்தை மட்டும் வைத்துச் செய்த ஹாஷ் சாவியைக் கொண்டு தேடினால் 100-க்கு 95 தடவைக்கு மேல் பழைய விடையே கிடைக்கும். இதன் பொருள், சிப்பாய் பற்றிய அறிவை எவ்வளவு சிக்கலாக எழுதினாலும் அதன் விலை இருபதில் ஒரு பங்குதான். இரட்டைச் சிப்பாய், தனிச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய், பாஸ்டு பான் எல்லாவற்றையும் இங்கே தாராளமாக எழுதலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: ராஜா எங்கே நிற்கிறது, முன்னால் எந்தக் காய் மறிக்கிறது என்பதைப் பொறுத்து மாறும் பகுதியை அந்த டேபிளுக்குள் போட்டுவிடாதீர்கள். சிப்பாய்களை மட்டும் சார்ந்த பகுதி உள்ளே, மற்றதெல்லாம் வெளியே.

எந்தக் காய் எத்தனை இருக்கிறது என்பதை வைத்து இன்னொரு சின்ன டேபிள். அரிதான முடிவாட்ட அறிவு எல்லாம் இதன் வழியாகத்தான் வர வேண்டும். தவறான நிற பிஷப், எதிர்நிற பிஷப், பிஷப்பும் குதிரையும் சேர்ந்து மேட் செய்வது போன்றவற்றுக்கு அந்தக் காய்ச் சேர்க்கை வரும்போது மட்டும் தனிச் செயற்கூறு அழைக்கப்படும், மற்ற கோடிக்கணக்கான நோட்களில் ஒரு இஃப் சோதனைகூடக் கூடுதலாக இராது. அரிய அறிவை நடுவாட்டத்தின் ஒவ்வொரு இலையிலும் சோதித்துக்கொண்டிருப்பதைத்தான் தொடக்கக்கால எஞ்சின்களில் அடிக்கடி பார்க்கிறேன்.

விலை உயர்ந்தது என்று பார்த்தால் நடமாட்டமும் ராஜா பாதுகாப்பும்தான். இரண்டுக்கும் ஒவ்வொரு காயும் தாக்கும் கட்டங்கள் தெரிய வேண்டும். அதனால் ஒரே சுற்றில் ஒவ்வொரு காயின் தாக்குதல் பிட்போர்டையும் எடுத்து, அங்கேயே நடமாட்டத்தை எண்ணி, அங்கேயே எதிரி ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களோடு அண்ட் செய்து, எல்லாத் தாக்குதல்களையும் ஒரு தொகுப்பில் சேர்த்து வைத்துவிடுங்கள். முதல் அம்சம்தான் விலை கேட்கும். அதற்குப் பிறகு வரும் பாதுகாப்பற்ற காய்கள், ராஜா அருகே பலவீனமான கட்டங்கள், பாஸ்டு பானின் வழி யார் கட்டுப்பாட்டில் போன்றவையெல்லாம் அந்தத் தொகுப்பின் மேல் செய்யும் ஓரிரு பிட் செயல்கள். நடமாட்டம் தனியாக நட்டம் என்று சோதனை சொன்னாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம். அதன் மேல் கட்டப் போகும் மற்ற நான்கையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சோம்பல் மதிப்பீடு என்று ஒன்று உண்டு: பொருளும் கட்ட அட்டவணையும் சேர்ந்த மதிப்பே ஆல்ஃபா, பீட்டா எல்லைக்கு (தேடலின் முடிவை மாற்றக்கூடிய மதிப்பெண் வரம்புக்கு) மிகவும் வெளியே இருந்தால் மீதியைக் கணக்கிடாமல் திரும்பிவிடுவது. நன்றாக வேலை செய்யும், ஆனால் எல்லையைக் கஞ்சத்தனமாக வைத்தால் ராஜாவைத் தாக்கக் காய் பலிகொடுக்கும் நிலைகளையெல்லாம் எஞ்சின் பார்க்காமலேயே கடந்துவிடும். மீதிப் பகுதி அதிகபட்சம் எவ்வளவு மாற்றக்கூடும் என்பதை லட்சக்கணக்கான நிலைகளில் ஓட்டி அளந்து, அதற்கு மேலே எல்லையை வையுங்கள். கணக்கிட்ட மதிப்பீட்டைத் தேடலின் ஹாஷ் டேபிளிலும் சேர்த்து வைத்தால் அதே நிலை மறுபடி வரும்போது அந்தச் செலவும் மிச்சம்.

பழைய எஞ்சின்கள் பலவற்றில் தேடல் தொடங்கும் முன் ஒரே ஒரு தடவை நிலையை ஆராய்ந்து அட்டவணைகளை நிரப்பிவிட்டு, இலையில் வெறும் கூட்டல் மட்டும் செய்வார்கள். விலை பூஜ்யம்தான். ஆனால் 20 அரை நகர்வு தள்ளி இருக்கும் நிலைக்கு இந்த ஆராய்ச்சி பொருந்தாது, ஹாஷ் டேபிளில் இருக்கும் பழைய மதிப்பெண்களும் புதியவையும் வெவ்வேறு அளவுகோலில் வந்ததாகிவிடும். இன்று இதைச் செய்ய வேண்டாம்.

வேகத்தைத் தரும் அறிவு

அறிவு என்றால் மதிப்பீடு மட்டும் என்று நினைத்துக்கொண்டு இலையிலேயே முட்டிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். தேடலுக்குள் வைக்கும் அறிவு வேகத்தைத் தின்னாது, வேகத்தைத் தரும். ஒரு நிலையில் 35 நகர்வுகள், 8 அரை நகர்வு ஆழம் என்றால் சுமார் 2.25 லட்சம் கோடி இலைகள். ஆல்ஃபா-பீட்டாவில் ஒவ்வொரு இடத்திலும் சிறந்த நகர்வை முதலில் பார்த்துவிட்டால் அது சுமார் 30 லட்சமாகச் சுருங்கிவிடும். உள்வட்டத்தை அசெம்ப்ளியில் எழுதி 30 சதவீதம் பிடிப்பதற்கு முன்னால் நகர்வு வரிசையைச் சரிசெய்யுங்கள்: ஹாஷ் நகர்வு (இதே நிலைக்கு முன்பு சேமித்த சிறந்த நகர்வு) முதலில், பிறகு லாபம் தரும் காய் வெட்டுகள், பிறகு கில்லர் நகர்வுகள் (இதே ஆழத்தில் வேறு கிளையை முடித்துவைத்தவை), பிறகு ஹிஸ்டரி அட்டவணைப்படி (முன்பு அடிக்கடி கிளையை முடித்தவை முதலில்) மற்றவை. பீட்டா வெட்டு (ஒரு நகர்வே போதும் என்று மீதி நகர்வுகளைப் பார்க்காமல் விடுவது) விழுகிற நோட்களில் முதல் நகர்விலேயே விழுவது எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பாருங்கள். 90-ஐ நெருங்கவில்லை என்றால் வேலை அங்கேதான் இருக்கிறது.

நல் மூவ் முறையும் அறிவுதான்: என் முறையை விட்டுக்கொடுத்த பிறகும் எதிரியால் என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் இந்தக் கிளை போதும். நகர்த்துவதே கேடாக முடியும் சுக்ஸ்வாங் நிலைகளில் இது பொய்த்துப் போகும், ஆகவே ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மீதமிருக்கும்போது நிறுத்திவிடுங்கள். வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளை ஆழம் குறைத்துப் பார்ப்பதும் சேர்ந்துகொண்டால், ஷானனின் பி வகை பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

மதிப்பீடும் இந்தப் பக்கம் கைகொடுக்கும். இந்த வெட்டுமுறைகளில் பலவும் நிலையான மதிப்பீட்டை நம்பித்தான் கிளையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கின்றன. மதிப்பீடு நம்பகமாக இருந்தால் இன்னும் துணிந்து வெட்டலாம். அதே காரணத்தால், ஒரு சிப்பாய் நகர்ந்ததும் மதிப்பெண் தடாலென்று 80 புள்ளி (ஒரு சிப்பாய்க்கு 100 என்ற கணக்கில்) குதிக்கும்படியான அம்சங்கள் தேடலை நிலைகுலைய வைத்து மறுதேடல்களைக் கூட்டும், அந்தச் செலவு நொடிக்கு எத்தனை நோட் என்ற எண்ணில் தெரியவே தெரியாது.

சோதனை: இரண்டு தடவை, இரண்டு விதமாக

புதிய அம்சத்தை முதலில் நோட் எண்ணிக்கையைக் கட்டி வைத்துச் சோதியுங்கள், நகர்வுக்கு 50 ஆயிரம் நோட் என்பதுபோல. இங்கே வேகத்துக்கு மதிப்பே இல்லை, ஆகவே வரும் லாபம் அறிவின் லாபம். பிறகு அதையே கடிகாரத்தோடு ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கொடுக்கும் விலை. உதாரணத்துக்கு, நோட் கட்டியபோது 18 ஈலோ லாபம், எடையைப் பூஜ்யமாக்கி அளந்த வேகக் குறைவு 12 சதவீதம் என்றால் விலை சுமார் 13, மிச்சம் 5 மட்டும். இப்போது என்ன செய்வது என்று தெளிவாகத் தெரிகிறது: அறிவு நல்ல அறிவு, நிரலைச் செதுக்குங்கள். வேகக் குறைவை 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மிச்சம் 13 ஆகிவிடும். நோட் கட்டிய சோதனையிலேயே லாபம் இல்லை என்றால் செதுக்குவதெல்லாம் வீண், விட்டுவிடுங்கள்.

ஆட்ட எண்ணிக்கையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 100 ஆட்டத்தில் பிழை வரம்பு கூடவோ குறையவோ சுமார் 55 ஈலோ, 1000 ஆட்டத்தில் 17, 10 ஆயிரம் ஆட்டத்தில்தான் 5-ஐ ஒட்டி வருகிறது. 5 ஈலோ லாபத்தை 200 ஆட்டத்தில் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் அது சத்தம்தான். எஸ்பிஆர்டி என்ற தொடர் சோதனை முறையைப் பயன்படுத்துங்கள், லாபம் 0 ஈலோ என்ற கருதுகோளுக்கு எதிராக 5 ஈலோ, பிழை 5 சதவீதம் என்று வைத்தால் தெளிவான மாற்றங்கள் சீக்கிரமே முடிவாகிவிடும். கியூட்செஸ் போன்ற கருவிகளில் இது உள்ளேயே இருக்கிறது. சமமான தொடக்க நிலைகளின் தொகுப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆட வையுங்கள். ஸ்டாக்ஃபிஷ் குழு செய்வதுபோல முதலில் 10 நொடியும் 0.1-ம், அதில் தேறியதை மட்டும் 60 நொடியும் 0.6-ம் என்று இரண்டு கட்டமாக வைத்தால் கணினி நேரமும் வீணாகாது. தந்திரப் புதிர்த் தொகுப்புகளை வைத்து மதிப்பீட்டை எடைபோடாதீர்கள், அவை ஆழத்துக்கும் வேகத்துக்கும்தான் மதிப்பெண் போடும்.

இன்னொன்று: புதிய அம்சத்தைச் சேர்த்த உடனே சோதித்தால் அது அநியாயமாகத் தோற்கக்கூடும். ராஜா பாதுகாப்பின் ஒரு பகுதியை இத்தனை நாள் கட்ட அட்டவணைதான் மறைமுகமாகச் செய்துகொண்டிருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து ஒரே விஷயத்துக்கு இரட்டை மதிப்பெண் போடுகின்றன. எல்லா எடைகளையும் சேர்த்து மறுபடி ஒத்திசைக்க வேண்டும். டெக்ஸல் எஞ்சினை எழுதிய பீட்டர் ஆஸ்டர்லண்டின் முறை இதற்கு எளிது: ஆட்டங்களில் இருந்து அமைதியான நிலைகளைச் சில லட்சம் எடுத்து, ஒவ்வொன்றின் மதிப்பீட்டையும் வெற்றி வாய்ப்பாக மாற்றி, ஆட்டத்தின் உண்மையான முடிவோடு உள்ள வித்தியாசம் குறையும்படி எடைகளை நகர்த்துவது. ஒத்திசைத்த பிறகு ஒரு எடை பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றால் அந்த அம்சம் வேறெங்கோ ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

நீக்கிப் பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள். ஒவ்வொரு பழைய அம்சத்தையும் எடுத்துவிட்டு, எஸ்பிஆர்டி எல்லையை -5, 0 என்று வைத்து ஓட்டுங்கள். பலம் குறையவில்லை என்று தேறினால் அது போகட்டும். தேடல் ஆழமாக ஆக, முன்பு சம்பாதித்த வரிகள் இப்போது சம்பாதிப்பதில்லை.

நியூரல் வலை வந்தாலும் அதே கணக்கு

யூ நாசு 2018-ல் ஷோகி என்ற ஜப்பானியச் செஸ்ஸுக்காக உருவாக்கிய என்என்யூஇ வலையின் அழகு இந்த மலிவாக்கும் வேலையில்தான் இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் முதலில் எடுத்துக்கொண்ட வடிவத்தில் ஒரு பக்கத்துக்கு 41,024 உள்ளீடுகள், முதல் அடுக்கில் 256 நியூரான்கள். முழுதாகக் கணக்கிட்டால் எஞ்சின் நகரவே நகராது. ஆனால் ஒரு நகர்வில் இரண்டு மூன்று உள்ளீடுகள்தான் மாறும், அந்த வரிசைகளை மட்டும் கழித்துக் கூட்டினால் போதும், கட்ட அட்டவணைக்குச் செய்த அதே தந்திரம். ராஜா நகரும்போது மட்டும் அந்தப் பக்கத்தை முதலில் இருந்து கூட்ட வேண்டும். மிதவைப் புள்ளி எண்களை விட்டு 8, 16 பிட் முழு எண்களில் செய்து, சிபியூவின் வெக்டர் கட்டளைகளைப் பயன்படுத்தினால் மீதி வேகமும் வந்துவிடும்.

நீங்கள் தொடங்கும்போது 12 வகைக் காய், 64 கட்டம் என்று 768 உள்ளீடுகளும் ஒரே ஒரு மறை அடுக்கும் போதும். அகலம் (அந்த அடுக்கில் எத்தனை நியூரான்கள்) எவ்வளவு என்பதுதான் பழைய கேள்வியின் புது வடிவம். 64, 128, 256, 512 என்று ஒரே தரவில் பயிற்றுவித்து, ஒவ்வொன்றையும் நோட் கட்டியும் கடிகாரத்தோடும் ஓட்டுங்கள். நோட் கட்டிய வரிசை பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும், கடிகார வரிசை ஓரிடத்தில் திரும்பும். அந்தத் திருப்பம் உங்கள் தரவின் அளவையும் வெக்டர் நிரலின் தரத்தையும் பொறுத்தது, இன்னொருவர் எஞ்சினின் அகலத்தை நகலெடுப்பதால் பயனில்லை. பயிற்சித் தரவு இரட்டிப்பானால் மறுபடி அளந்து பாருங்கள், திருப்பம் பெரும்பாலும் அகலமான பக்கம் நகர்ந்திருக்கும்.

2024-ல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 16.1 கையால் எழுதிய மதிப்பீட்டை முழுதாக நீக்கிவிட்டது. அதே பதிப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன வலையையும் சேர்த்தார்கள்: ஒரு பக்கம் பொருளில் வெகுவாக முந்திவிட்ட நிலைகளில் பெரிய வலையை ஓட்டாமல் சின்னதோடு முடித்துக்கொள்ள. டீப் புளூ சிப்பில் இருந்த வேக மதிப்பீடு, மெதுவான மதிப்பீடு என்ற பிரிவேதான் இது. இதைச் செய்து பார்க்க விரும்பினால் முதலில் ஒரு நாள் எஞ்சினை ஓடவிட்டு, மதிப்பிடப்படும் நிலைகளில் எத்தனை சதவீதத்தில் பொருள் வித்தியாசம் ஒரு யானைக்கு மேல் இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தச் சதவீதம் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் சின்ன வலைக்கு நேரம் செலவிட வேண்டாம்.